உள்ளே இரண்டு பேர்

வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத சர்வருக்குள் இரண்டு பேர் இருப்பதாகத் திரை காட்டியது. ஒன்று அவள் பெயர். இன்னொன்று அவள் தங்கையின் பெயர்.

ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாமல் இருந்த தங்கைக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இன்று தங்கையின் தையல் கடை வெப்சைட் கண் சிமிட்டுவதற்குள் திறக்கிறது. அவளுடையதைத் திறப்பவர்கள் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பல கடைகள் பங்கு போட்டுக்கொள்கிற அவளுடைய பழைய சர்வர், ஒரே குளியலறைக்குப் பத்துக் குடித்தனம் வரிசையில் நிற்கிற மாதிரி. விபிஎஸ் என்கிற தனி சர்வர் எடுத்தால் தனிப் போர்ஷன், தனிச் சாவி. எதை எடுப்பது என்று ஐந்து நாள் விலைப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. தங்கையிடம் என்ன இருக்கிறதோ அது அப்படியே எனக்கும் வேண்டும் என்று வயிறு எரிந்தது, அவ்வளவுதான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தங்கை நம்பிக் கொடுத்திருந்த பாஸ்வேர்டில் நுழைந்து, அவள் சர்வரை முழுதாக நகலெடுத்துத் தன் புது விபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள். உரிமையாளர் பெயரை மட்டும் மாற்றவில்லை. எதையாவது தொட்டால் அந்த வேகம் போய்விடுமோ என்று பயம்.

இப்போது அந்தப் பெயரை வெளியேற்றினாள். திரும்ப வந்தது. மறுபடி வெளியேற்றினாள். வந்தது. எங்கிருந்து என்று பார்த்தாள். இந்த வீட்டு வைஃபையிலிருந்துதான்.

வெளியே மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த அந்தப் பகலில், தையல் மெஷின் எண்ணெய் வாசனைக்கு நடுவே, தங்கை பூசுகிற பவுடரின் இனிப்பு வாசனை, சாத்தியிருந்த உள்ளறைக் கதவின் கீழிடுக்கு வழியாக மெல்லக் கசிந்து அவள் காலடிவரை வந்தது. உள்ளே மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மகளிடம் பவுடர் கிடையாது.

தங்கைக்கு போன் போட்டாள்.

"சொல்லுக்கா. கடையில நிக்கிறேன்."

"நீ இப்ப சர்வர்ல ஏதாவது பண்றியா?"

"நானா? லேப்டாப்பே ரிப்பேர்ல கிடக்கு. ஏன்க்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

உள்ளறையில் கீபோர்டு தட்டும் சத்தம். மகள் சிரித்தாள்.

"போங்க சித்தி" என்றாள் மகள், உள்ளே, யாரிடமோ.

போனில் தங்கை மூச்சு விடுவது கேட்டது. கதவுக்குப் பின்னாலும் அதே மூச்சு.

திரையில் வரிகள் தாமாக ஓடின. படங்கள் மாற்றப்பட்டன. முகவரி மாற்றப்பட்டது. குடும்பம் மாற்றப்பட்டது. அவள் எல்லா பட்டனையும் அழுத்தினாள். எதுவும் நிற்கவில்லை. சர்வர் அவ்வளவு வேகம்.

திரையில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்று அணைந்தது.

அவளுடையது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. மகள் வந்தாள். மகளின் கையைப் பிடித்தபடி தங்கை வந்தாள். அக்காவுடைய நைட்டி. அக்காவுடைய வளையல். தங்கையின் முகம்.

"அக்கா, லைன்ல இருக்கியா?" என்றது போன்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளை மகள் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவளின் நைட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா, நம்ம நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது யாரும்மா?"