மேல் வீட்டு மணி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மாசிலாமணி. அவர் மனைவி ஜெசிந்தா. இருவரும் கீழ் வீட்டில். மேல் வீட்டில் ஒருவரும் இல்லை. மகன் ஏசுராஜ், மருமகள் ரோஸி, மூன்று வயதுப் பேத்தி, மூவரும் வியட்நாமில் ஏதோ கடற்கரை ஓட்டலில் இருந்தார்கள். மேல் வீட்டைப் பூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சாவியை ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

காலைக் காப்பி ஆறுவதற்குள் மேல் வீட்டிலிருந்து மணி அடித்தது.

அந்த மணியை மாட்டியது ஏசுராஜ். மேலே குழந்தையின் அறையில் ஸ்விட்ச். கீழே அம்மாவின் சமையலறையில், அடுப்புக்கு மேல், மணி. ஒவ்வொரு தடவையும் படியிறங்கி வந்து கூப்பிட முடியாதாம். நீளமாக அடித்தால் குழந்தை அழுகிறது, மேலே வா. விட்டுவிட்டு அடித்தால் சாப்பாடு கொண்டு வா. ஆஸ்பத்திரியில் ஆயாவைக் கூப்பிடுவது மாதிரி பெற்றவளைக் கூப்பிட்டான். அவளும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடினாள். மாசிலாமணி ஒரு நாள் மேலே போய்க் கத்தினார். மாமா வந்தாலே வீடெல்லாம் பீடி நாத்தம் என்று மருமகள் ஏர் ஃப்ரெஷ்னரை எடுத்து அடித்தாள். இனி இந்தப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று இறங்கியவர்தான். வைக்கவில்லை.

மணி நீளமாக அடித்தது. ஜெசிந்தா தோசைத் திருப்பியை வைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்தாள்.

"எங்க போற?"

"மணி அடிக்குதுல்ல."

"யாரு அடிக்கிறா? அவங்கோ அங்க கடல்ல குதிச்சிக்கினு கீறாங்கோ. உனக்கு இன்னா, மூள கீள கழண்டுச்சா?"

அவள் நின்றாள். பிறகு சிரித்தாள். "ஆமால்ல. பழக்கம்யா. காலு தானா போவுது."

"மழத் தண்ணி ஸ்விட்சுல எறங்கியிருக்கும்."

"அப்ப ஜன்னல் தொறந்து கெடக்கு. மெத்த நனஞ்சா ரோஸி என்னத்தான் கேக்கும். பாத்துட்டு வந்துர்றேன்."

அவள் படியேறினாள். பூட்டுத் திறந்தது. அந்த நொடியில் மணி நின்றது, யாரோ விரலை எடுத்தது போல.

மாசிலாமணி கருகிய தோசையைச் சுரண்டிப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கோட்டூர்புரத்தில் ராத்திரி பிடித்த மழை விடவே இல்லை. தெருக்கோடியில் அடையாறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்காமலே சொல்லலாம், சாக்கடையும் சேறும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த அந்த நாற்றம் காம்பவுண்டு சுவரைத் தாண்டி, ஜன்னல் கம்பியைத் தாண்டி, நாற்காலியின் துணியில்கூட ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடவில்லை. தெருவில் ஆட்டோ இல்லை. கூரையிலிருந்து விழும் தண்ணீர் பிளாஸ்டிக் டிரம்மில் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளம் வந்தால் மூழ்கப்போவது கீழ் வீடு. அதனால்தான் ஏசுராஜ் அதைப் பெற்றவர்களுக்குக் கொடுத்தான். இன்வெர்ட்டரும் மேலே மட்டும்தான்.

ஒரு ஜன்னலைச் சாத்த இவ்வளவு நேரமா?

ஜெசிந்தா இறங்கி வந்தபோது அவள் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கையிலிருந்து குழந்தை சோப்பின் வாசனை வந்தது.

"ஜன்னல் தொறந்திருந்துச்சா?"

"இல்லயே. சாத்தித்தான் இருந்துச்சு."

"அப்ப இன்னா பண்ண இவ்ளோ நேரம்?"

"ஊத்தி உட்டேன்."

"செடிக்கா?"

அவள் அரிசியைக் களைந்தாள். சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கொஞ்சம் பருப்பு வேகவைத்தாள், உப்பு காரம் இல்லாமல். அவர்கள் இருவரும் அப்படிச் சாப்பிடுவதில்லை. அவர் கேட்கவில்லை. கோபத்தில் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டார். அது அவர் வழக்கம்.

மதியத்துக்கு முன்பே கரண்ட் போனது. வீடு சாம்பல் நிறமானது.

மணி விட்டுவிட்டு அடித்தது.

"இதோ, வந்துட்டேன்," என்றாள் ஜெசிந்தா. கிண்ணத்தை எடுத்தாள்.

மாசிலாமணி வழியை மறித்தார். "ஏய். மேல யாருடி கீறாங்கோ?"

"பாப்பாக்குப் பசிக்குதுய்யா."

"பாப்பா வியட்நாம்ல கீது."

"நவுறு. கத்தும்."

அவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். மகனுக்கு வீடியோ கால் போட்டார். நல்ல வேளை, எடுத்தான். பின்னால் கடல், வெயில், பாட்டு.

"இன்னா நைனா? தண்ணி வந்துருச்சா? கார நவுத்தச் சொல்லட்டா?"

"உன் காரத் தூக்கி ஆத்துல போடு. பாப்பாவக் காட்டு."

"இன்னா ஆச்சு உனக்கு?"

"காட்டுடா!"

பேத்தி வந்தாள். சிவப்பு நீச்சல் உடை, முகமெல்லாம் ஐஸ்கிரீம். தாத்தா என்று கத்தினாள். மாசிலாமணி போனை ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்துக்கோ. நல்லாப் பாத்துக்கோ."

ஜெசிந்தா பார்த்தாள். அக்கம்பக்கத்துக் குழந்தையைப் பார்ப்பது போல மரியாதையாகச் சிரித்தாள்.

"யாரு வூட்டுப் புள்ள இது? அழகா கீது."

"அம்மாக்கு இன்னா நைனா?" என்று ஏசுராஜ் கேட்டான். லைன் அறுந்தது. திரும்பப் போட்டார். சிக்னல் இல்லை.

அடுப்புக்கு மேல் மணி விடாமல் அடித்தது. பொறுமை இல்லாத விரல்.

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். குறடால் ஒயரைக் கத்தரித்தார். மணியைச் சுவரோடு பிடுங்கித் தரையில் அடித்தார். மூடி உடைந்து அடுப்புக்கு அடியில் ஓடியது. அமைதி. மழைச் சத்தம் மட்டும். மனுஷியை நாய் மாதிரி பழக்கி வைத்திருக்கிறான்கள். மணி அடித்தால் போவாள். இனி எவன் அடிப்பான்?

ஸ்டூலிலிருந்து இறங்கித் திரும்பினார்.

ஜெசிந்தா தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதோ வந்துட்டேன்டா கண்ணு," என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் மறிக்கவில்லை. உடைந்த மணி தரையில் கிடந்தது, அவருக்கு எதுவும் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டிருக்கிறது. மேலே கதவு திறந்தது. அவள் நடக்கும் சத்தம் அவர் தலைக்கு மேல் ஹாலைத் தாண்டியது. பிறகு இன்னொரு சத்தம். அவள் பின்னாலேயே. நடை இல்லை. ஈரத் துணியை இழுப்பது போல.

"ஜெசி!"

கீழே நின்றே கத்தினார். திரும்பத் திரும்பக் கத்தினார். "எறங்கி வா! இப்ப நீ வரல, நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

மழை. டிரம்.

படியில் கால் வைத்தார். முட்டி வலித்தது. கைப்பிடிச் சுவர் ஈரமாக இருந்தது. மழை படாத இடம் அது. ஏற ஏற ஆற்று நாற்றம் அதிகமானது. மேலே போனால் குறையவேண்டும். அதிகமானது.

கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் திரைகள் மூடியிருந்தன. ரோஸியின் வெள்ளை டைல்ஸ் மேல் மெல்லிய சேறு, சுவர் ஓரம் வரை, ஒரு கால் தடம்கூட இல்லாமல் வழவழவென்று. குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.

ஜெசிந்தா அங்கே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் பெண்கள் உட்காருகிற மாதிரி. ஏசுராஜை அப்படித்தான் குளிப்பாட்டினாள். இப்போதும் அவள் காலில் ஏதோ கிடந்தது, துண்டு மூடி. ஒரு கையால் அதன் தலையைத் தாங்கி, மறு கையால் குவளையை எடுத்து ஊற்றினாள்.

துண்டு அவள் முழங்காலோடு முடிந்தது. அதற்குள் இருந்தது முடியவில்லை. அவள் பாதங்களைத் தாண்டி, வாளியைத் தாண்டி, சுவர் வரை போய் மடங்கியிருந்தது. சாம்பல் நிறம். ஊறிய தோல்.

"மெதுவா பேசு," என்றாள். "இப்பதான் கண்ணு மூடுச்சு."

அவர் குனிந்தார். அவள் கையைப் பிடித்து இழுத்தார். மடியிலிருந்தது நழுவி, அதன் தலை டைல்ஸில் இடித்த சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழுக்கினார், எழுந்தார், இழுத்தார். ஹால். சேறு. வாசல். பின்னால் ஈரத் துணியின் சத்தம்.

"வுடுய்யா! எங்க இஸ்த்துக்கினு போற?"

"கீழ. ரோட்டுக்கு. எங்கியாவது. வா!"

"போயி? உனக்குக் காப்பி போடவா?" அவள் வாசற்படியில் காலை ஊன்றிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவர் பார்க்காத முகம். "புள்ள மணி அடிச்சான்னு கத்துன. நீ இன்னா பண்ண? கீழ உக்காந்துக்கினு பேரு சொல்லிக் கத்துன. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் வந்து பாத்துக்கிறேன் நீ உக்காருன்னு சொன்னியா?"

"ஜெசி, அது கொழந்த இல்லடி."

"தெரியும்."

அவர் பிடி தளர்ந்தது.

"தெரியும்யா," என்றாள் மறுபடி, தாழ்ந்த குரலில். "ஆனா நான் போனா அழுகய நிறுத்துது. என் மூஞ்சியப் பாக்குது."

இரண்டு கைகளாலும் அவர் நெஞ்சில் தள்ளினாள். அவர் படியில் சாய்ந்து விழுந்தார். எழுந்து பாய்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. சாவி சுழன்றது. அவர் தோளால் இடித்தார். காலால் உதைத்தார். பெயர் சொல்லிக் கத்தினார். உள்ளே அவள் செருப்பில்லாத காலடி ஹாலைத் தாண்டிக் குளியலறைக்குள் போனது. குவளை வாளியில் முங்கியது. அவள் அங்கே யாரையோ தாலாட்ட ஆரம்பித்தாள்.

கதவின் உச்சியில், உள்பக்கம், ஒரு தாழ்ப்பாள் உண்டு. பேத்தி திறந்துகொண்டு ஓடாமல் இருக்க வைத்தது. முக்காலி போடாமல் ஜெசிந்தாவுக்கு எட்டாது.

அவர் தலைக்கு மேலே, மரத்துக்கு அந்தப் பக்கம், ஈரமான ஏதோ தடவித் தடவி ஏறியது. தேடியது. கண்டுபிடித்தது.

மேல் தாழ்ப்பாள் விழுந்தது.