முப்பத்தேழு டிகிரி

மூன்று நாளாக அணைந்து ஆறிக் கிடந்த டர்பைனுக்குள் ஏதோ ஒன்று முப்பத்தேழு டிகிரியில் இருந்தது.

ஜோஆன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக்கு மின்சாரமும் நீராவியும் தரும் அந்த எரிவாயு டர்பைனின் கருவிகளைப் பழுது பார்ப்பதும் அதை ஓட்டுவதும்தான் ஒன்பது வருடமாக அவள் வேலை. கருவிகள் பொய் சொல்லும் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். டர்பைனிலிருந்து நெருப்புக்காற்று வெளியேறும் பெரிய குழாயின் வாயைச் சுற்றிப் பதினெட்டு வெப்பமுனைகள் செருகியிருந்தார்கள். விரல் தடிமனில் எஃகுக் குச்சிகள். பதினேழும் முப்பத்தொன்று காட்டின. பதினோராவது மட்டும் முப்பத்தேழு. பிற்பகல் மூன்று மணிக்கே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் அது கொட்டும் இரைச்சல், சன்னல் இல்லாத கட்டுப்பாட்டு அறைக்குள் எங்கோ யாரோ அரிசி புடைப்பது போலக் கேட்டது.

நாலரைக்கு மெஷினை ஓட்ட வேண்டும். அதற்குள் அந்த முனையைப் பார்த்துவிடச் சொல்லியிருந்தார் ஷிப்ட் மேலாளர் சதாசிவம்.

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இயந்திரக் கூடத்துக்குப் போனாள். ஓடாத டர்பைனின் அமைதி அவளுக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆறிய எண்ணெயின் வாடையும் ஈரமான கண்ணாடிப் பஞ்சின் வாடையும் தொண்டையில் ஒட்டின. மஞ்சள் விளக்குகளுக்குக் கீழே குழாய்களின் நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பதினொன்றின் கம்பியையும் பன்னிரண்டின் கம்பியையும் மாற்றிப் போட்டாள். மடிக்கணினியில் முப்பத்தேழு பன்னிரண்டாவது இடத்துக்கு நகர்ந்தது. அப்படியென்றால் கம்பியில் கோளாறு இல்லை, அது போய்ச் சேரும் மின்னணு அட்டையிலும் இல்லை. முனைதான் கெட்டிருக்க வேண்டும். கம்பிகளை முன்போல மாட்டிவிட்டு, பழைய முனையை உருவி எடுத்தாள்.

துளை திறந்திருந்த அந்த அரை நிமிடத்தில் அவள் கன்னத்தில் வெதுவெதுப்பான காற்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

புகைபோக்கி வழியாக வரும் காற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, புது முனையை அவசரமாகச் செருகி முடுக்கினாள். புதியது முப்பதில் தொடங்கியது. முப்பத்துமூன்று. முப்பத்தாறு. முப்பத்தேழில் வந்து நின்றுகொண்டது.

கருவி பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

அன்று காலை அந்தக் குழாய்க்குள் நாலு பேர் இறங்கியிருந்தார்கள். உட்சுவரில் கிழிந்த சூட்டுக்காப்பைத் தைக்கும் ஒப்பந்தக் குழு. அவள் கணவன் மார்கஸும் அதில் ஒருவன். உள்ளே போகிறவர்கள் வாசல் பலகையில் தங்கள் பெயர் வில்லையை மாட்டிவிட்டுப் போவார்கள். வெளியே வந்ததும் கழற்றிக்கொள்வார்கள். ஜோஆன் போய்ப் பார்த்தாள். பலகை காலியாக இருந்தது. ஆள் நுழையும் கதவு இருபத்து நாலு போல்ட்டுகளால் மூடி இறுக்கப்பட்டிருந்தது. அந்த இரும்பில் காதை வைத்துப் பார்க்க ஒரு கணம் தோன்றியது. வைக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பியபோது மார்கஸ் அவள் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். குழுவின் மற்ற மூவரும் வேனில் கிளம்பிவிட்டார்களாம். அவளோடு ஸ்கூடாயில் இருக்கும் வீட்டுக்குக் காரில் போகலாம் என்று காத்திருக்கிறானாம். அவன் முன்னால் அவள் மதியம் வாங்கி வைத்த தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது, அவன் அதைத் தொடவில்லை. குழாய்க்குள் நாலு மணி நேரம் வேலை செய்தவர்கள் வேர்வையில் தெப்பலாக நனைந்துதான் வெளியே வருவார்கள். இவன் சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"உள்ள யாரும் இல்லதானே?" என்று கேட்டாள்.

"நாலு பேர் போனோம். நாலு பேர் வந்துட்டோம்."

சதாசிவத்தை வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, கதவைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சொன்னாள். திறக்க இரண்டு மணி நேரம், மூட இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் அவர். நீராவி எடுக்க நாலு கொதிகலன்கள் காத்திருக்கின்றன என்றார். பலகை காலியாக இருக்கும்போது எதைப் பார்க்கத் திறப்பது என்றும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாலரை மணியைத் தவிர வேறெதுவும் அன்று அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"ஒரு முனை தானே லா, ஜோஆன். நாம குடுக்கிற நம்பர அது காட்டட்டும். ஃபோர்ஸ் பண்ணிட்டு ஓட்டு."

அவள் அப்படியே செய்தாள். பதினொன்றின் உண்மை அளவைப் புறக்கணித்து, பக்கத்து முனைகளின் சராசரியை எடுத்துக்கொள்ளும்படி கணினிக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாலு சொடுக்குகள். இனி அந்த முனை என்ன சொன்னாலும் மெஷின் கேட்காது. அவளுடைய மடிக்கணினியில் மட்டும் அந்த உண்மை எண் ஒரு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நாலரைக்கு ஸ்டார்ட் கொடுத்தாள்.

தீ மூட்டுவதற்கு முன்னால் மெஷின் பத்து நிமிடம் வெறும் காற்றை ஊதிக் குழாயைச் சுத்தம் செய்யும். சுழலியின் முனகல் தரை வழியாக ஏறி நாற்காலிக் கால்களில் நடுங்கியது. மழைக்காற்று உள்ளே பாய்ந்ததும் பதினேழு முனைகளும் ஒன்றாக இருபத்தாறுக்கு இறங்கின. பதினொன்று முப்பத்தாறுக்கு இறங்கியது. கொஞ்சம் தயங்கியது. பிறகு மெல்ல, குளிருக்குப் போர்வையை இழுத்துக்கொள்வது போல, மறுபடி முப்பத்தேழுக்கு ஏறியது.

ஜோஆன் திரைக்கு இன்னும் அருகில் குனிந்தாள்.

மெஷினின் நடுக்கத்தைத் திரையில் வரையும் அதிர்வுக் கோட்டைப் பார்த்தாள். சுழலியின் ஒரே சீரான அலைக்கு நடுவே சின்னச் சின்ன முட்கள். மூன்று. இடைவெளி. மூன்று. இடைவெளி. இரும்பை யாரோ உள்ளிருந்து தட்டினால் அப்படித்தான் முள் விழும்.

"என்ன பார்க்கற, ஜோ?" என்றான் மார்கஸ்.

மின்பலகைகளில் சூடேறிய இடத்தைக் கண்டுபிடிக்கும் வெப்பக் கேமரா மேசைமேல் இருந்தது. சூடானதைச் சிவப்பாகவும் குளிர்ந்ததை நீலமாகவும் காட்டும். ஏன் செய்கிறோம் என்று யோசிக்காமலே அதை எடுத்து அவன் பக்கம் திருப்பினாள். திரையில் அவளுடைய சொந்த விரல் நுனி ஓரத்தில் சிவந்து தெரிந்தது. பின்னால் நீலச் சுவர். நீல நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். மார்கஸ் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் பக்கத்தில் படுத்தால் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்தது போல இருக்கும். விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அவள் தூங்குவாள். இப்போது அவன் கை மேசைமேல் ஊர்ந்து வந்து அவள் இடது கையைப் பிடித்தது.

குளிர். இரும்பின் குளிர்.

முட்கள் நெருங்கின. மூன்று மூன்றாக இல்லை. இடைவெளியே இல்லை.

திரையில் பச்சை விளக்கு விழுந்தது. தீ மூண்டுவிட்டது.

நூற்று ஐம்பது. இருநூற்று எண்பது. பதினேழு முனைகளும் கூட்டமாகப் பாய்ந்தன. பதினொன்று முப்பத்தெட்டு. காய்ச்சல் ஏறுவது போல ஒவ்வொரு டிகிரியாக. முப்பத்தொன்பது.

அவளுடைய வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான்.

"நிறுத்தணும்னா நிறுத்து," என்றான் மார்கஸ், சாப்பாட்டு மேசையில் பேசும் அதே குரலில். "கதவ தொறக்க ரெண்டு மணி நேரம். குழாய் ஆற இன்னும் எவ்வளவு நேரம்? உனக்குத்தான் தெரியும்."

அவள் கணக்குப் போட்டாள். அதுதான் அவள் செய்தது. ஒன்பது வருடம் அந்த மெஷினோடு இருந்தவள். இப்போது எரிவாயுவை நிறுத்தினால் சுவரின் சூடு எத்தனை மணி நேரம் உள்ளே நிற்கும், இருபத்து நாலு போல்ட்டை எத்தனை பேர் கழற்ற வேண்டும், அதற்குள் உள்ளே என்ன மிச்சமிருக்கும் என்று மூளை தானாகக் கணக்குப் போட்டது. விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டே இருந்தது. கணக்கு முடிந்தபோது பதினொன்று நாற்பத்தாறு.

எந்த உயிரும் தாங்காத சூடு. முட்கள் நிற்கவில்லை.

அறுபது. எண்பது. தட்டல் நிற்கவில்லை.

"எல்லாம் ஓகே-வா?" வாக்கி டாக்கியில் சதாசிவம்.

நூற்றுப்பத்து. தட்டிக்கொண்டே இருந்தது. ஜோஆன் வாயைத் திறந்தாள். கத்தத்தான் திறந்தாள்.

"ஓகே பாஸ்," என்றது அவளுடைய குரல்.

விரல் பொத்தானிலிருந்து வழுக்கி மேசைமேல் விழுந்தது. அப்போதுதான் இடது கையில் அதை உணர்ந்தாள். அவளைப் பிடித்திருந்த கை குளிரவில்லை. உள்ளங்கையில் மெல்லிய சூடு. ஈரம். பதினொன்று ஏற ஏற அதுவும் ஏறியது.

வெப்பக் கேமரா மேசைமேல் சாய்ந்து கிடந்தது. அதன் சின்னத் திரையில் அந்த நீல நாற்காலி. நாற்காலியின் கைப்பிடிக்கு மேலே, அவளுடைய சிவந்த கையைப் பிடித்தபடி, ஐந்து விரல்கள் மட்டும் சிவப்பாகத் தெரிந்தன. பிறகு மணிக்கட்டு. முழங்கை. தோள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மனிதன் விரல்களிலிருந்து தொடங்கி மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தான்.

கழுத்து வரை வந்தது. முகம் இன்னும் வரவில்லை.

பதினொன்று ஐந்நூற்றுப் பத்தைத் தொட்டு, மற்ற பதினேழோடு சேர்ந்துகொண்டது. அதிர்வுக் கோடு ஒரு முள்ளும் இல்லாமல் வழுவழுவென்று ஓடியது.

"வீட்டுக்குப் போலாமா, ஜோ?" நெற்றியில் அரும்பிய முதல் வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கேட்டான். "ரொம்பப் புழுங்குது."