முப்பதாவது கொலையாளி

எய்விந்த் கதவைத் தட்டவில்லை, உதைத்தார். ஒரு கையில் காற்றில் பிய்ந்துபோன குடை, மறு கையில் மார்போடு அணைத்த தோல் பை. கல்படிகள் ஏறி வந்ததில் மூச்சு நெஞ்சை அடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை வியாழக்கிழமை காலையிலும் பெர்கன் நகரத்தை விடவில்லை. படிகளில் தண்ணீர் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"கதவு திறந்துதான் இருக்கு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "அதை ஏன் உதைக்கறீங்க? அது என்ன பண்ணுச்சு?"

குரலுக்குச் சொந்தக்காரர் பெரிட் நெஸ். வயது அறுபத்தேழு. நகரப் போலீஸில் கொலை வழக்குகளோடு முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. இப்போது துப்பறியும் நாவலாசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, போலீஸ் விஷயத்தில் எங்கெங்கே தப்பு என்று சிவப்புப் பென்சிலால் கோடு போடுகிறார்.

அந்தக் காலையில் கோடு வாங்கிக்கொண்டிருந்தவன் ஹால்வார். நான்கு நாவல் எழுதியவன். தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறவன். வீட்டுக்குள் ஈ செத்துக் கிடந்தால்கூடக் கொலை என்பான்.

"உன் ஆளு ஆறு மணி நேரம் மழையில செத்துக் கெடக்கான். அப்புறம் அவன் கம்பளிக் கோட்டுலேருந்து கைரேகை எடுக்கறாங்க. எப்படிப்பா?"

"கதைதானே, பெரிட்..."

"கொலை கதையா இருக்கலாம். கம்பளி கம்பளிதான்."

எய்விந்த் ஈரக் காலோடு நடுக்கூடத்தில் வந்து நின்றார். ஆஸ்லோவில் ஒரு பதிப்பகத்தின் மூத்த ஆசிரியர். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டினார்.

"ரக்னாவோட கடைசி அத்தியாயத்தைக் காணோம். நேத்து மத்தியானம் எவனோ வீட்டுக்குள்ள பூந்து திருடிட்டான். நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு அச்சகத்துல பக்கம் இருக்கணும். இல்லேன்னா ஈஸ்டருக்குப் புஸ்தகம் வராது."

ஹால்வார் எழுந்தே விட்டான். ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குடிலில் ஆரஞ்சுப் பழமும் கொலைக்கதையுமாக உட்காருவது நார்வேக்காரர்களின் வழக்கம். ரக்னா லுண்டேயின் கொலைக்கதை இல்லாமல் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்குப் போவதென்றால், ஆரஞ்சுப் பழம் இல்லாமல் போவது மாதிரி. இருபத்தொன்பது ஈஸ்டர், இருபத்தொன்பது புத்தகம். இது முப்பதாவது.

"நகல்?" என்றார் பெரிட்.

"கடைசி அத்தியாயத்தை மட்டும் அவங்களே டைப் அடிப்பாங்க, கார்பனே வைக்க மாட்டாங்க. அச்சுக்குப் போற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாதுன்னு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மற்ற அத்தியாயங்கள் பெரிட்டுக்கு வந்துவிடும். படித்து முடித்ததும் ரக்னா தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: 'யார் கொன்னான்னு சொல்லு பார்ப்போம்.' பத்தொன்பது வருடமாக நடக்கிற பரீட்சை. பெரிட் இரண்டு தடவைதான் பாஸ். அந்த இரண்டு தடவையும் ரக்னா முடிவை மாற்றி எழுதினார்.

"இந்தத் தடவையும் கேட்டாங்களா?" ஹால்வாருக்கு ஆவல்.

"திங்கக்கிழமை கூப்பிட்டா. ஒரு பேர் சொன்னேன்."

"சரியா?"

"சிரிச்சா. சொல்லலை." பெரிட் மழைக்கோட்டை எடுத்தார். "யார் மேல சந்தேகம், எய்விந்த்?"

"டைப் அடிக்கற கீர்ஸ்தி மேல. வீட்டுச் சாவி அவகிட்டதான் இருக்கு. மூணு மணிக்குள்ள எதுவும் தெரியலேன்னா போலீஸ்ல கொடுத்துடுவேன்."

*

ரக்னா லுண்டே கதவைத் திறந்தார். எழுபது வயதுக்கு நிமிர்ந்த முதுகு, ஒழுங்காக வாரிய வெள்ளை முடி. மூவருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு எழுதும் அறைக்கு அழைத்துப் போனார். குரலில் நடுக்கம் இல்லை.

"செவ்வாய்க்கிழமை முடிச்சேன். மேஜை டிராயர்ல வெச்சுப் பூட்டினேன். நேத்து மூணு மணிக்கு நடக்கப் போனேன். அஞ்சு மணிக்கு வந்தா, இப்படி."

டிராயர் நெம்பப்பட்டிருந்தது. பூட்டின் விளிம்பில் பச்சைக் கம்பளி நூல் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் தரையில் கவிழ்ந்து, மூன்று நாற்பதில் நின்றிருந்தது. வாசலிலிருந்து மேஜை வரை வழவழப்பான மரத்தரையில் சின்னச் சின்னக் குத்துத் தடங்கள், நான்கு நான்காக. பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கக் காலணியின் அடியில் மாட்டும் இரும்புப் பல்லின் தடம். ஒவ்வொரு இடது காலிலும் நான்காவது பல் மட்டும் பதியவில்லை.

"பக்கத்து வீட்டுத் தோர்லைஃப்!" ஹால்வார் கிசுகிசுத்தான். "அவர் இரும்புப் பல்லுல ஒண்ணு உடைஞ்சிருக்கு, தெருவுக்கே தெரியும். அவரும் ஈஸ்டருக்குக் கொலைக்கதை எழுதறவர். போட்டி! பொறாமை! பெரிட், முடிஞ்சுது கேஸ்."

"அப்ப பச்சை நூல்?"

"கீர்ஸ்தியோட கையுறை பச்சை. ரெண்டு பேரும் கூட்டு!"

"கடிகாரம்?"

ஹால்வார் கவிழ்ந்து கிடந்த கடிகாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

பெரிட் தடங்களின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தார். திரும்பி வந்து சுவரைப் பார்த்தார்.

சுவர் முழுக்க அட்டைகள், வரிசையாகக் குத்தி வைத்தவை. 'பாதிரியார் – மனைவியை இழந்தவர் – இடது காது கேட்காது.' 'ஓலா – படகுக்காரன் – மூன்றாம் அத்தியாயத்தில் இறந்துவிட்டான்.' நடுவில் ஒரு அட்டை மட்டும் வெறுமை.

"அட, நானும் இப்படித்தான் குத்தி வெப்பேன்!" என்றான் ஹால்வார். "நடுவுல இருக்கறது கொலையாளி. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு வெறுமையா விட்டிருக்காங்க. கெட்டிக்காரி!"

"இதெல்லாம் முன்னே கிடையாது," என்றார் எய்விந்த். "முப்பது வருஷத்துல இவங்க மேஜையில ஒரு துண்டுச் சீட்டு பார்த்ததில்ல. எல்லாம் தலைக்குள்ளேயே."

"வயசாகுதில்ல," என்று ரக்னா புன்னகைத்தார். "உக்காருங்க. காபி கொண்டு வரட்டுமா?"

ஹால்வாரின் கையில் பாதிக் கோப்பை இருந்தது. அவன் அதை மரியாதையாக மறைத்துக்கொண்டான்.

*

இரண்டு மணிக்கு எல்லோரும் அந்த அறையில் இருந்தார்கள். கீர்ஸ்தி ஓரத்தில், அழுது வீங்கிய முகத்தோடு. பன்னிரண்டு வருடமாக ரக்னாவின் பக்கங்களைத் தட்டச்சு செய்பவள். தோர்லைஃப் நாற்காலி கொள்ளாத உடம்போடு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அவ கடைசி அத்தியாயத்தை வெச்சு நான் என்ன பண்றது? என் கதையில கொலைகாரன் யார்னு மூணாம் பக்கத்துலேயே தெரிஞ்சுடுதுன்னு பேப்பர்காரனுங்க எழுதறானுங்க. கடைசி அத்தியாயமே எனக்கு வேண்டியதில்ல."



பெரிட் நின்றபடியே பேசினார். "கீர்ஸ்தி, நேத்து மூணு நாப்பதுக்கு எங்கே இருந்தே?"

"பல் டாக்டர்கிட்ட. ரக்னாகிட்டதான் லீவு கேட்டுட்டுப் போனேன்."

"கையுறை?"

"இங்கேதான் அடுப்பு மேல காயப் போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமையே மறந்துட்டுப் போயிட்டேன்."

"தோர்லைஃப், நீங்க?"

"ரேடியோவுல. நேரடி ஒலிபரப்பு. ஊரே கேட்டுது."

"நேரடின்னு ரக்னாவுக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தேனே. பின்னே, அவளை ரேடியோவுல கூப்பிடலையே!"

"உங்க இரும்புப் பல்?"

"வாசல்ல ஆணியில தொங்குது. யார் வேணும்னாலும் எடுக்கலாம்."

"எய்விந்த் அத்தியாயத்தை வாங்கிட்டுப் போக ரயில்ல வந்துக்கிட்டிருந்தார். ஆக, நூல் கீர்ஸ்தியைக் காட்டுது. கடிகாரம் அவளைக் காப்பாத்துது. தடம் தோர்லைஃபைக் காட்டுது. கடிகாரம் அவரையும் காப்பாத்துது." பெரிட் ஜன்னல் கண்ணாடி வழியே படிகளைக் காட்டினார். "இன்னொண்ணு. பனிக்கட்டி போன சனிக்கிழமையோட சரி. ஞாயித்துக்கிழமைலேருந்து மழை. நேத்து இந்த ஊர்ல ஒரு கல்லு மேலகூடப் பனி இல்ல. மழைத் தண்ணியில இரும்புப் பல் மாட்டிக்கிட்டு எவன் நடப்பான்? கல்லு மேல வழுக்கித்தான் விழுவான்."

ரக்னா ஜன்னலைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு திகைப்பு. மழையை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி.

"அப்ப யார்தான் எடுத்தது?" எய்விந்த் பொறுமை இழந்தார்.

"இந்த ரெண்டு பேரும் இல்ல. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு முன்னாடி அத்தியாயம் அச்சகத்துல இருக்கும். அதுக்கு மேல நீங்க கேக்கக் கூடாது. அதுதான் எனக்கு நீங்க குடுக்கற கூலி. முதல்ல கீர்ஸ்திகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

எய்விந்த் பெரிட்டின் முகத்தைப் பார்த்தார். பிறகு கீர்ஸ்தியிடம் திரும்பி, தொண்டையைக் கனைத்து, கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

*

மற்றவர்கள் படியிறங்கிப் போன பிறகு பெரிட் கதவைச் சாத்தினார். ஹால்வார் போகவில்லை, அவனை யாரும் போகச் சொல்லவும் இல்லை.

"முப்பத்தொரு வருஷம் எத்தனையோ திருட்டு பார்த்தேன், ரக்னா. ஒரு தடயமும் இருக்காது, இல்லேன்னா முந்நூறு இருக்கும். ஆளுக்கு ஒண்ணா, அளந்து வெச்ச மாதிரி ரெண்டு தடயம் நான் பார்த்ததே இல்ல. அதுலயும் ஒருத்தர் மேல சந்தேகம் ஒட்டறதுக்குள்ள அதைத் துடைச்சு விட ஒரு கடிகாரம். திருடனுக்கு இவ்வளவு நியாயம் தெரியாது. அந்த ரெண்டு பேரும் மூணு நாப்பதுக்கு எங்கே இருப்பாங்கன்னு தெரிஞ்சது ஒரே ஆளுக்குத்தான்."

ரக்னா எழுந்து, விழுந்த கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "யாரும் மாட்டிக்கக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துத்தான் வெச்சேன். கீர்ஸ்தி அழுவான்னு நினைக்கலை."

"தெரியும்."

"கண்டுபிடிச்சுட்டே."

"நீ வெச்ச கடிகாரத்துல தப்பே இல்ல. மழையிலதான் விட்டுட்டே. இருபத்தொன்பது புஸ்தகத்துல ஒரு நாள்கூட வானிலை தப்பா எழுதினவ இல்ல நீ."

"நேத்து வெளியே பனிக்கட்டின்னுதான் நினைச்சேன், பெரிட். சத்தியமா." கடிகாரக் கண்ணாடியை விரலால் தடவினார். "அத்தியாயம் எழுதவே இல்ல."

"எழுத முடியலையா?" என்றான் ஹால்வார் மெதுவாக. "எனக்கும் முடிவு வராம ரெண்டு மாசம்..."

"அது வேற, தம்பி. முடிவு இருந்துது. இந்தத் தலையில இருந்துது. டிசம்பர் வரைக்கும் இருந்துது." அவர் சுவரைக் காட்டினார். "நாலு தடவை படிச்சுட்டேன். என் கதையை. பென்சில் வெச்சுக்கிட்டு, அடுத்தவங்க கதையைப் படிக்கற மாதிரி. யார் கொன்னான்னு எனக்குத் தெரியலை."

நடுவில் இருந்த வெற்று அட்டையை ஹால்வார் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"வருஷா வருஷம் உன்னைப் பரீட்சை வெப்பேன்ல," என்றார் ரக்னா. "இந்தத் தடவை நிஜமா கேக்கறேன். சொல்லு. யாரு?"

பெரிட் நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தார். "மருந்துக் கடைக்காரனோட தங்கச்சி. தோரா."

"அவளா!" ரக்னாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "எப்படி?"

"கொலை நடந்த அன்னிக்கு வீட்டை விட்டே போகலைங்கறா. ஆனா ஏழாம் அத்தியாயத்துல, படகுத்துறை விளக்கு அணைஞ்சிருந்துச்சுன்னு போற போக்குல சொல்றா. படகுத்துறைக்குப் போகாதவளுக்கு அது எப்படித் தெரியும்?"

"அதை நானா எழுதினேன்?"

"நீதான்."

"நல்லா இருக்கே," என்றார் ரக்னா, வாசகியின் சந்தோஷத்தோடு. வெற்று அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து, பெரிய எழுத்தில் 'தோரா – விளக்கு' என்று எழுதி, தட்டச்சு இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்தார். தாளைச் சொருகினார். முதல் வரி தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது வரி அவ்வளவு தயங்கவில்லை.

சமையலறையில் ஹால்வார் அடுப்பில் தண்ணீர் வைத்தான். பக்கத்து அறையில் எழுத்துக்கள் தட்டும் ஓசை நிற்காமல் கேட்டது.

"நீங்க எப்பவும் தப்பாத்தானே சொல்வீங்க, பெரிட். இப்ப சொன்னது சரியா?"

"தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆளுக்கு அது மறந்துபோச்சு. தடயம் அத்தனையும் தோராகிட்டதான் போகுது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"இரும்புப் பல் தடத்தைப் பார்த்ததுமே புரிஞ்சுடுச்சா?"

பெரிட் கோப்பைகளைத் துடைத்தார். மூன்றாவது கோப்பையைத் துடைக்கும்போது கை நின்றது.

"திங்கக்கிழமை ரக்னா கூப்பிட்டான்னு சொன்னேன்ல."

"ஆமா, பரீட்சை."

"செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டா. நேத்து ரெண்டு தடவை கூப்பிட்டா. அதே கேள்வி. வயசான காலத்துல குறும்பு பண்றான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முப்பத்தொரு வருஷம் போலீஸ். கேட்ட உடனே புரிஞ்சிருக்கணும். எனக்குத்தான் புரிஞ்சுக்கப் பிடிக்கலை." கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "நாலு தடவையும் தோரான்னுதான் சொன்னேன். நாலு தடவையும், இப்ப பார்த்தியே, இதே மாதிரி 'அவளா!'ன்னு சந்தோஷப்பட்டா."