சிவப்பு மையால் அடித்த வரி

காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அந்தப் பெண் பேசுவது நிற்கவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவேயான அதற்குள்ளிருந்து, வாணலியில் ஏதோ தீய்வது போன்ற கரகரப்பு வந்துகொண்டிருந்தது. அதற்கும் அடியில், தண்ணீர் கண்டு பல நாளான நாக்கு ஒன்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. "யாராவது கேக்குறீங்களா? நிலவறையில இருக்கோம். எல்லாம் பொம்பளைங்களும் புள்ளைங்களும்தான்."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் திருப்பினாள். "யாருங்க அது பேசுறது?"

இருபத்தாறு வருடமாக அவருக்கு மட்டுமே கேட்ட குரல் அது. காது நரம்புக் கோளாறு என்றுதான் மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தார்.

"மிஷின் ரிப்பேர்."

"நான் சொல்றது காதுல விழட்டும்னு வாங்கினேன். அது என்னடான்னா ஊர்க்கதை பேசுது." அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். "மிஷின்லேர்ந்து இல்லீங்க, உள் அறையிலேர்ந்துதான் வருது. பாத்துட்டு வரேன்."

போர்க்காலத்தில் அவர் ராணுவ உளவுப் பிரிவில் இருந்தார். எதிரியின் வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்கும் வேலை. மூன்று நாள் இந்தக் குரலைக் கேட்டுவிட்டு, 'பொதுமக்கள். சுட வேண்டாம்' என்று எழுதினார். மேலதிகாரி அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'சங்கேத மொழி. ஆயுதக் கிடங்கு' என்று எழுதி நீட்டினார். இவர் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை, குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

அந்த ஆள் இப்போது பள்ளிக்கூட விழாக்களில் மாலை வாங்கிக்கொண்டு தேசபக்தி பேசுகிறார். நினைக்க நினைக்க ரத்தம் கொதித்தது. போனை எடுத்தார்.

"பொம்பளைங்கன்னு எழுதினேனே! ஏன்யா அடிச்சே?" இத்தனை வருடத்தில் முதல் முறையாக 'சார்' உதிர்ந்துபோயிருந்தது.

மறுமுனையில் கோப்பைக்குள் ஸ்பூன் சாவகாசமாகச் சுற்றியது. "செத்துப்போன கதையை எதுக்குய்யா கிளறுறே? அடிச்சது நான். கையெழுத்து யாருது?"

போன் சுவரில் மோதிச் சிதறியது. அவனைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. தன் விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டும் போலவும்.

மூச்சு இரைத்தது. அப்போதுதான் கவனித்தார். கரகரப்பு நின்றிருந்தது. உள் அறைக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை.

கூப்பிட்டார். உள் அறைப் பக்கம் நடந்தார்.

நடுப்பகல். ஜன்னலில் வெயில். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். உள் அறைக் கதவின் அடியிலிருந்து சுண்ணாம்புத் தூள் வழிந்தது. முடி கருகும் வாடை. கைப்பிடி சுட்டது.

திறந்தார்.

அறை நிறைய. முழங்காலோடு முழங்கால் இடிக்க. சாம்பல் பூத்த பெண்கள். குழந்தைகள். கண்களில் மட்டும் ஈரம். நடுவே அவர் மனைவி, இமை வரை தூசி படிந்து, யார் பெற்ற பிள்ளையையோ மடியில் வைத்தபடி.

கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்து, அவள் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.