தலைக்கட்டுக்கு ஒரு போல்ட்

"என் புருசன் அந்தப் பாலத்தைத் தொடவே இல்லைன்னு எத்தனை தடவை…"

"தொடாம போல்ட்டுக்கு ரெக்கை முளைச்சுதா? பழைய இரும்பு வாங்குறவனை விட்டுட்டு…"

"வீட்டைத்தான் கொத்திப் பார்த்தீங்களே, கிடைச்சுதா?"

நெகேசாவும் ஊர்த்தலைவர் மசிந்தேயும் மாறிமாறிக் கத்திக்கொண்டிருந்தபோது, பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர் நசிமியு ஜீப்பிலிருந்து இறங்கினார். அன்று காலை சோளமூட்டைகளோடு சந்தைக்கூட்டம் கடக்கையில், இரும்பு நடைபாலம் ஒரு முழம் இறங்கிவிட்டது. நடுமூட்டில் மூன்று போல்ட்டுகளைக் காணோம். பழைய இரும்பு வாங்கி விற்கும் நெகேசாவின் கணவன் ஒடேராவை ஊரே சேர்ந்து அடித்து, தானிய அறையில் பூட்டியிருந்தது. மாலையில் போலீஸ் வரும்.

ஓட்டுநர் கேம்பாவுக்குத் துப்புத்துலக்கும் ஆசை அதிகம். திருடன் ஒடேராதான் என்று அவர் அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

நசிமியு இடுப்பில் கயிறு கட்டி மூட்டுவரை போய்வந்தார்.

"போல்ட்டைக் கழட்டித் திருடினா ஓட்டை எப்படியிருக்கும், கேம்பா?"

"வட்டமா இருக்கும்."

"இது முட்டை மாதிரி நீண்டிருக்கு. உள்ள பளபளன்னு தேய்ஞ்சிருக்கு. இறுக்காத போல்ட்டு மாசக்கணக்கா ஆடித் தேய்ச்சது. கீழே மணல்ல பாருங்க."

கேம்பா இறங்கித் துழாவினார். மூன்றும் அங்கேயே புதைந்து கிடந்தன.

யார் முடுக்கியது என்று நசிமியு கேட்டார். மசிந்தே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: திறப்புவிழாவில் தலைக்கட்டுக்கு ஒருவராக, வாழ்த்துச் சொல்லிக் கையால் முடுக்கினார்களாம்.

"அப்புறம் ஸ்பேனர் போட்டது யாரு, பெரியவரே?"

"பெரியவங்க வாழ்த்தி முடுக்கினதுமேல கூலிக்காரன் கை வைக்கிறதா? நான்தான் தடுத்தேன். பெயிண்டு மட்டும் அடிக்கச் சொன்னேன்."

நசிமியு கரையோர மூட்டுக்குப் போய், ஒரு நட்டை இரண்டு விரலால் திருகினார். பெயிண்டு உரிந்தது, நட்டு சுழன்றது. அடுத்ததும் சுழன்றது. காலையில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கடந்த பெண் ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒடேரா முடுக்கினது எது?" என்று நசிமியு கேட்டார்.

அவன் ஏரிக்கரையிலிருந்து வந்த வெளியாள், அதனால் அவனுக்குக் கொடுக்கவில்லை என்று மசிந்தே முனகினார்.

நெகேசா அவர் எதிரே வந்து நின்றாள். இப்போது அவள் குரல் உயரவில்லை.

"அன்னைக்கு அவர் கை பட்டா தீட்டுன்னீங்க. இன்னைக்கு அவரை எந்தக் கையால அடிச்சீங்க, பெரியவரே?"