புகை போடாத தோல்

கோட்டின் கை இறுகியிருப்பதை வெண்டல் முதலில் கவனித்தது, ஓடைக்கரையில் நின்று கையுறையை மாட்டும்போதுதான். காலையில் குடிலில் அணிந்தபோது மணிக்கட்டில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. இப்போது ஒன்றுகூட நுழையவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் அவனும் குரோவரும் லைலும் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆட்களாகிவிடுவார்கள். பென்சில்வேனியா மலையில் வருஷம் தவறாமல் நடக்கும் மான் வேட்டைக் கூத்து அது. சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி, வெடிமருந்து அடைத்த மாட்டுக்கொம்பு, கையால் தைத்த மான்தோல் கோட்டு. ஒரு பிளாஸ்டிக் பொத்தான் கண்ணில் பட்டால் போதும், குரோவர் ஆளின் மானத்தை வாங்கிவிடுவான். குறி தவறியவனின் சட்டையின் கீழ்த் தொங்கலை வெட்டிக் குடில் சுவரில் ஆணியடிப்பார்கள். அந்தச் சுவரில் பாதித் துணி வெண்டலுடையது.

அதனால்தான் போன வருஷத்து மானைப் பற்றிப் பொய் சொன்னான். ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே விழுந்தது என்று. உண்மையில் குண்டு வயிற்றில் பாய்ந்தது. இதே ஓடை வரை ரத்தத்தைத் தொடர்ந்து வந்தான். மருந்து நனைந்து மறுபடி வெடிக்கவில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து மட்டையால் மண்டையில் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான். தோலைப் பதப்படுத்த அந்த மானின் மூளையையே பூசுவது வழக்கம். அவன் அதைப் பனியிலிருந்து வழித்தெடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பொய்யும் உண்டு. பூசிக் காய்ந்த தோலுக்கு விறகுப் புகை போட வேண்டும். போடாத தோல் நனைந்தால் மறுபடி பச்சைத் தோலாகிவிடும். வெண்டலுக்கு நேரமில்லை. அக்ரூட் ஓட்டைக் காய்ச்சிய சாயத்தைத் தடவி, புகையின் நிறத்தை வரவழைத்து, இந்தக் கோட்டைத் தைத்துவிட்டான்.

"என்னடா, உன் கோட்டுல புகை வாசமே காணோம்?" என்று காலையில் குரோவர் முகர்ந்து பார்த்துக் கேட்டான்.

"உனக்கு மூக்கு அடைச்சிருக்கு. போய் சிந்திட்டு வா."

லைல் விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, நாங்க மேட்டுல நிக்கிறோம். நீ கீழேருந்து கலைச்சு விடு. கத்திக்கிட்டே வாடா, மகராசா. சத்தம் வராம எது வந்தாலும் சுடுவோம்."

இப்போது மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஊசியிலை மரங்களிலிருந்து சொட்டுகிற சத்தம் காடு முழுக்க நிறைந்திருக்க, கத்தியபடியே ஏறிய வெண்டலுக்கு முதலில் ஒரு நாற்றம் வந்தது. சாயமில்லை, ஈரமில்லை, அப்போதுதான் உரித்த தோலின் சூடான நாற்றம். கோட்டு கனத்தது. தோள்களை முன்னுக்கு இழுத்தது. கத்தும் மூச்சு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தது.

புகை போடலடா, வந்து வெட்டி எடுங்கடா என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். சுவரும் ஆணியும் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லாமல் வெறுமனே கத்தியபடி ஏறினான்.

மார்பில் கொம்புப் பொத்தான்களைத் தடவினான். துளைகள் மூடிக்கொண்டிருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டுக் கத்தியை உருவிக் கோட்டுக் கையின் தையலில் வைத்துக் கீறினான்.

வலித்தது.

கீறிய இடம் விரிந்து ரத்தம் வழிந்தது. கத்தி தன் சதையில் இறங்கவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கோட்டைத்தான் கீறினான். உள்ளங்கையால் பொத்தினான். ஈரமான முடி. அவன் தானே ஒன்றுவிடாமல் சுரண்டி எடுத்த முடி.

"குரோவர்!"

கழுத்துப்பட்டை இறுகியது. அந்தப் பெயர் பாதியில் நசுங்கியது. முதுகு வளைந்தது. கைகள் தரையைத் தொட்டன. கத்தி எங்கோ விழுந்தது. கத்த வேண்டும். கத்தினால்தான் உயிர். காற்று வந்தது. குரல் வரவில்லை.

மேட்டில் ஒரு பொறி. வெள்ளைப் புகை. பிறகுதான் சத்தம்.

வயிற்றில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகியது போல இருந்தது. ஓடினான். நான்கு கால்களில் ஓடினான். குடல் தரையில் உரசியது. ஓடையில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தான்.

காலடிகள்.

"சே, வயித்துல பட்டிருக்குடா."

"இன்னொண்ணு போடு" என்றான் லைல்.

குரோவர் துப்பாக்கிக் குதிரையைத் தட்டினான். வெறும் சத்தம். "மருந்து நனைஞ்சிருச்சு. உன்னது?"

"என்னதும்தான். டேய் வெண்டல்! எங்கடா தொலைஞ்ச?" லைல் காட்டைப் பார்த்துக் கத்தினான்.

வெண்டல் பதில் சொன்னான். ஆட்டுக்குட்டியின் குரல் போல ஒன்று வந்தது.

குரோவர் குனிந்தான். "லைல்... இங்க வா. இதோட மாருல தையல் இருக்குடா."

"என்ன உளர்ற?"

"பொத்தான் இருக்குடா. கொம்புப் பொத்தான். சதைக்குள்ள."

வெண்டல் அவனையே பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை. நான்தாண்டா. பார். நான்தான்.

"இது என்னையே பாக்குதுடா!" குரோவரின் குரல் அழுகையாக உடைந்தது.

"கொன்னுருடா! சீக்கிரம் கொன்னுரு!"

குரோவர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தான். மட்டை உயர்ந்தது. அதன் பித்தளைப் பூணில் விழுந்த பனித்துகள் ஒன்று மெதுவாக உருகுவதை வெண்டல் பார்த்தான்.

முதல் அடியில் சாகவில்லை.