படுத்த பீப்பாயும் பதினோரு லிட்டர் டீசலும்

எழுபது நாட்டுப் போலீஸ் ஒன்றாகத் திரண்டு வந்தாலும் பிடித்திருக்க முடியாத ஒரு திருடனை, பெட்ரோலியப் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் மரிய சுகந்தி பதினோரே நிமிடத்தில் பிடித்தாள். வில்லியனூரிலிருந்து மடுகரை வரைக்கும் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏட்டு நாகராஜனைத் தவிர. பெற்ற தாயே சொன்னாலும் இரண்டு சாட்சி கேட்கிற மனிதர் அவர்.

சனிக்கிழமை காலை 6.40. பலராமனின் கரும்புத் தோட்டத்துக் கொட்டகை. சிவப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டு உள்ளே நுழைந்தார். இருநூறு லிட்டர் டீசல் பீப்பாய் இரண்டு கட்டைகளின் மேல் படுத்திருந்தது. முன்னால் நான்கு பத்து லிட்டர் கேன்கள். நான்காவதில் ஒரு லிட்டர் குறைவு.

"நேத்து சாயந்தரம் நானே குச்சி வுட்டுப் பாத்தேன், அம்பது லிட்டர். இன்னிக்கு டிராக்டருக்குப் புடிச்சா முப்பத்தொம்பதுதான் வருது. சாய்ச்சி வச்சி கடைசி சொட்டு வரிக்கும் புடிச்சிட்டேன்" என்றார் பலராமன்.

"பூட்டு?"

"ஒடையல."

"சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. ஒண்ணு இவங்கிட்ட."

'இவன்' என்பது செபாஸ்டின். இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டு டிராக்டரை ஓட்டுகிறவர். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஏட்டு தரையைத் தடவி முகர்ந்தார். உலர்ந்த புழுதி. ஒழுகவும் இல்லை.

"ஸ்டேஷனுக்கு வாய்யா, பேசிக்கலாம்."

7.05. ஸ்கூட்டி ஒன்று வரப்போரம் வந்து நின்றது. செபாஸ்டினின் மகள் சுகந்தி. திங்கட்கிழமை அவளுக்குச் சென்னையில் எண்ணெய்க் கம்பெனி இன்டர்வியூ. படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்தபடியே ஓடிவந்திருந்தாள். இந்தத் தகப்பன் ஜீப்பில் ஏறினால் அந்தப் பெண் திங்கட்கிழமை வாயே திறக்காது என்று ஏட்டுக்கே தெரிந்தது.

"சார், எங்கப்பாவ இட்டுகினு போறதுக்கு முன்ன பத்து நிமிஷம் குடுங்க."

"இன்னாம்மா படிக்கிற?"

"பெட்ரோலியம் இன்ஜினியரிங்."

"அது படிச்சிட்டு பங்க்ல ஊத்துவியா?"

"ஊத்தறதுக்கு முன்ன அளக்கணும் சார். அதான் படிக்கிறோம்."

ஏட்டின் மீசை ஒரு அங்குலம் கீழே இறங்கியது. அவள் பீப்பாயைச் சுற்றி வந்தாள். மூன்று இடத்தில் கத்தியால் கோடு வெட்டிய மூங்கில் அளவுக்குச்சியை எடுத்துப் பார்த்தாள்.

"இத யாரு வெட்டுனது?"

"நாந்தான்" என்றார் பலராமன். "சமமா நாலு பங்கு, பங்குக்கு அம்பது லிட்டர். எட்டு வருஷமா இப்பிடித்தான் அளக்கறேன், ஒரு சொட்டு தப்புனதில்ல."

"இந்தக் குச்சியிலயாய்யா?"

"இது புதுசு. பீப்பா நின்னுகினு இருந்திச்சி, குனிஞ்சி குனிஞ்சி பம்ப் அடிச்சி இடுப்பு போச்சி. போன வாரம் படுக்க வச்சி கொழா மாட்டுனேன். பழைய குச்சி நீளம், அதான் வேற வெட்டுனேன்."

சுகந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அந்த வருடம் கரும்பில் சர்க்கரை கூடியதாகக் கேள்வி.

"நாலு கேனையும் திருப்பி ஊத்துங்க."

ஊற்றினார்கள். முப்பத்தொன்பது லிட்டர், ஏட்டின் கண்ணெதிரே. மேல் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தாள். அடி வெட்டு வரைக்கும் கச்சிதமாக நனைந்திருந்தது. குச்சிக் கணக்கில் ஐம்பது லிட்டர்!

ஏட்டு குச்சியைப் பிடுங்கி மூன்று முறை விட்டுப் பார்த்தார். நக்கிப் பார்க்காத குறை.

"நிக்கிற பீப்பாவுக்கு மேலயும் கீழயும் ஒரே அகலம் சார். படுத்துட்டா நடுவுல தொப்ப, அடியில ஒடுக்கம். அடி வெட்டுல அம்பது எப்பிடி நிக்கும்? முப்பத்தொம்பதுதான். படுத்த டேங்குக்குன்னு அளவு அட்டவணையே தனியா இருக்கு. பதினோரு லிட்டர் இங்க இருந்ததே கெடயாது. திருடன் இந்தக் குச்சிதான்."

மணி 7.16.

பலராமன் தன் இடுப்புச் சாவியை அவிழ்த்துச் செபாஸ்டின் கையில் வைத்தார். "ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும்பா."

செபாஸ்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "நீ போயி படிம்மா. திங்கக்கெழம இருக்குல்ல."

காலை 10.30, ஸ்டேஷன். எஸ்.ஐ. ராஜ்மோகன் அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா ஏட்டய்யா, மூங்கில் குச்சி திருடிச்சின்னு எழுதியிருக்கீங்க? காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

நாகராஜன் தொப்பியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நடந்துது சார். கூட நின்னு பாத்தேன். அந்தப் பொண்ணுதான் புடிச்சிது."